வெளிக்கூட்டில் ஒன்று

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறதா? முழங்கால் வலி என்று போன பதிவுக்குக் கீழே எழுதியிருந்த அம்மா, இப்போது மாடிப்படி ஏறுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். அப்படித்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, போனில் ஒற்றை விரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டர்கள் உள்ளே ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அது முடிந்தால்தான் எங்களை விடுவார்கள். சும்மா உட்கார்ந்தால் மனசு போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம் வளவளவென்றுதான் போகும். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

உள்ளே படுத்திருப்பவள் என் தங்கை. வீட்டில் சின்னவள் என்போம், வயது ஐம்பத்து நாலு ஆனாலும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடும் என் வீட்டுக்காரரோடும்தான் இருக்கிறாள். ஒரு பேக்கரியில் வேலை. கேக்கின் மேல் பெயர் எழுதுவதுதான் அவள் வேலை, வேறொன்றும் கிடையாது. கூம்பு மாதிரி சுருட்டிய காகிதத்தில் கிரீமை நிரப்பி, நுனியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் ஒரு பெயரை எழுதிவிடுவாள். மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில் வைப்பாள், பொட்டு வைக்கிற மாதிரி. அவள் கை எப்போதுமே லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது என்றும், இரண்டு நடுக்கத்துக்கு நடுவில் எழுதிவிடுவேன் என்றும் சொல்வாள். கடையில் அவளுக்கு எழுத்தக்கா என்று பெயர்.

கை ஏன் நடுங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். இதுவரை உங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவள் மூன்று வாரம் தூங்கவில்லை. ஓயாமல் பேசினாள், சிரித்தாள். ஒரு டப்பா பெயின்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக் கதவுகளிலும் அந்தந்த வீட்டுக்காரர் பெயரை அழகழகாக எழுதினாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. எல்லாருக்கும் வேடிக்கை. இருபத்திரண்டாம் நாள் காலையில் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றுகொண்டு, தனக்கு இப்போது எடையே இல்லை என்று கீழே நின்றவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். பால்காரர் ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் அந்த மாத்திரை வந்தது. தினமும் இரண்டு வேளை. கை நடுக்கமும் அதோடு வந்ததுதான். அன்றிலிருந்து அவளாகப் பாலத்துப் பக்கம் போனதில்லை. நான்தான் போகிறேன், கனவில்.

வீட்டில் அந்த மாத்திரைக்கு 'வெள்ளை' என்று பெயர் வைத்திருந்தோம். "வெள்ளை போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பாள். அட்டையில் அச்சடித்திருக்கிற பெயரை வீட்டில் நான் வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் யாருக்காவது கேட்டுவிடும், கேட்டால் எதற்கு என்று விசாரிப்பார்கள், விசாரித்தால் பாலம் வந்துவிடும். இதில் என்ன கூத்து என்றால், அந்தப் பெயரை வருஷத்துக்கு நாற்பது தடவை பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதியவள் நான்.

தனிம வரிசை அட்டவணையின் முதல் நெடுவரிசை உங்களுக்கு மறந்திருக்கலாம். ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டால் மேலே லித்தியம், அதற்குக் கீழே சோடியம், அதற்கும் கீழே பொட்டாசியம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். ஆனால் மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலெக்ட்ரான்தான். லித்தியத்துக்கு இரண்டு, ஒன்று. சோடியத்துக்கு இரண்டு, எட்டு, ஒன்று. கடைசியில் நிற்கிற அந்த ஒன்றுக்குத்தான் இணைதிறன் எலெக்ட்ரான் என்று பெயர். அதை வைத்துத்தான் இவர்களை ஒரே குடும்பமாக மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறார்கள். நான் பிள்ளைகளிடம் சொல்வேன்: "ஆளு எவ்வளவு குண்டுன்னு பாக்காதீங்கடி. வாசல்ல எத்தன பேர் நிக்கிறாங்கன்னு பாருங்க. உள்ள ஆயிரம் பேர் இருக்கட்டும், வந்தவங்ககிட்ட பேசறது வாசல்ல நிக்கிறவன்தான். வாசல்ல நிக்கிறவன் ஒரே மாதிரின்னா குணமும் ஒரே மாதிரி." பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பரீட்சையில் வாசல் என்றே எழுதிவைப்பார்கள். ஆனால் பாருங்கள், அத்தனை வருஷத்திலும் வகுப்புக்கு ஒரே ஒரு தடவை லித்தியம் என்று வாயால் சொல்லிவிட்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி உடனே சோடியத்துக்குத் தாவிவிடுவேன். உதாரணமெல்லாம் சோடியத்துக்குத்தான் கொடுப்பேன்.

எட்டு வாரத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காலெல்லாம் இரும்பு, ரத்தக்குழாய் மட்டும் கோளாறு. உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். குறைக்கச் சொன்னால் குறைத்துவிட்டுப் போகிற ஆளா நான்? ஒரு வெள்ளைத்தாளில் சோடியத்தின் கட்டத்தைப் பெரிதாக வரைந்து, உள்ளே பதினொன்று, இரண்டு-எட்டு-ஒன்று என்றெல்லாம் எழுதி, அதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். கடையிலிருந்து பொட்டாசியம் உப்பு ஒரு பாக்கெட் வாங்கிவந்து, கொஞ்சமே கொஞ்சமாகத் தூவினேன். அன்று சாப்பாட்டு மேஜையில் ஒரு வகுப்பே எடுத்தேன். அதே குடும்பம், ஒரு படி கீழே, வாசலில் அதே ஒற்றை ஆள், நாக்கை ஏமாற்றிவிடலாம் என்று.

அவர் ஒரு வாய் வைத்தார். "டீச்சர், இது சாப்பாடா, பரீட்சையா?"

"கசந்தா நல்லதுக்குன்னு நெனச்சுக்குங்க, போஸ்ட்மேன்."

"முப்பது வருஷம் உங்ககிட்ட படிச்ச புள்ளைங்கள நெனச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வருது" என்றார். சின்னவள் தட்டின் மேல் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் அவளையும் விடவில்லை. பேக்கரியில் அவள் உட்கார்கிற இடம் அடுப்புக்குப் பக்கம். நாள் முழுக்க வேர்த்துக் கொட்டும். உடைந்த உப்பு பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுவைத்து, டீயோடு கொறித்துக்கொண்டே இருப்பாள். "உனக்கும் அம்பது தாண்டியாச்சுடி, அதையும் நிறுத்து, எனக்குச் சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினாள். சின்னவள் சத்தியம் செய்தால் செய்ததுதான்.

ஆறாவது வாரக் கடைசியில் பேக்கரி முதலாளி அம்மா போன் செய்தார். இரண்டு கேக் திரும்பி வந்துவிட்டதாம். பெயர் கோணிக்கொண்டு, ஒரு சுழி பாதியில் அறுந்துபோய், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் விழுந்திருக்கிறது. "அதுக்காகச் சொல்லல டீச்சர். எழுத்தக்கா ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருக்காங்க. அதான்."

ஒரு மாதிரி. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிடுவேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தெருவில் முதலில் யாரோ இதைத்தான் சொன்னார்கள். அன்று சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதிலிருந்து கவனித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேச்சு வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறியது. டம்ளரை எடுத்தால் தண்ணீர் தளும்பிப் புடவையில் சிந்தியது. பழைய நடுக்கம் இல்லை இது. அதில் ஒரு தாளம் இருந்தது, இதில் இல்லை. வயிற்றுப்போக்கு வேறு. நான் அவள் அறைக்குப் போய்க் குப்பைக் கூடையைத் தரையில் கொட்டினேன். ஒரு பேக்கரி ரசீதில் சுருட்டிவைத்திருந்த மூன்று வெள்ளை மாத்திரைகள் விழுந்தன.

அவள் கதவருகே நின்றாள். "அக்கா, அது என்னமோ பண்ணுது. வயித்தப் பெரட்டுது. ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பாக்கலாம்னு..."

"அப்பவும் இதையேதான்டி சொன்ன. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லா இருக்கேன்னு."

"அப்ப நல்லா இருக்கேன்னு சொன்னேன். இப்ப நல்லா இல்லன்னு சொல்றேன்."

இந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் பயந்தவளுக்குக் காது இருந்து என்ன பிரயோஜனம்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலம். எங்கள் வீட்டிலிருந்து அது இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளை வேலைக்கு அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து நானே மாத்திரையைக் கொடுத்தேன். "வாயத் திற" என்பேன். திறப்பாள். நாக்கின் நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். "முழுங்கு. நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம் காட்டு." கன்னத்துக்குள் விரலை விட்டுக்கூடப் பார்த்தேன். அவள் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. ஐந்து நாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஐந்து நாளும் அவள் இன்னும் மோசமானாள். அவள் மோசமாக ஆக, நான் இன்னும் கவனமாகக் கொடுத்தேன்.

இதை எழுதும்போது விரல் நிற்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஆறாவது நாள் மத்தியானம் அவள் சோபாவில் சாய்ந்தபடியே வாந்தி எடுத்தாள். எழுந்துபோகக்கூட முடியவில்லை. தொடைச் சதை தானாகத் துள்ளியது, தோலுக்கு அடியில் ஏதோ ஓடுகிற மாதிரி. "அக்கா, இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டாள். சொன்னேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாள். என் வீட்டுக்காரர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "டாக்டரக் கூப்பிடு, நிக்காத" என்று கத்தினார். அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். அந்த நேரத்தில் போய் இதையெல்லாம் கவனிக்கிறது மனசு.

அவளைப் பார்க்கிற மனநல டாக்டர் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம், வெளிநாடு போயிருக்கிறார். அவருடைய உதவியாளர் பெண்தான் போனை எடுத்தாள். நிதானமான குரல். திங்கட்கிழமை வேறொரு டாக்டர் வருவார் என்றாள். "பழைய வியாதி திரும்பிடுச்சும்மா, மாத்திரைய நடுவுல தூக்கிப் போட்டிருக்கா" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "மாத்திரை பேரையும் அளவையும் அட்டையப் பாத்துப் படிங்க மேடம்" என்றாள்.

மாத்திரை டப்பா அடுப்படி அலமாரியில் இருந்தது. கதவைத் திறந்து அட்டையை எடுத்துக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தேன். "லித்தியம்" என்றேன். "லித்தியம் கார்பனேட்."

இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்தால் மூக்குக்கு நேரே, சாத்திய கதவில், என் கையெழுத்தில் சோடியத்தின் கட்டம். இரண்டு, எட்டு, ஒன்று. குறுக்கே சிவப்புக் கோடு. அதற்கு மேல் இருக்க வேண்டிய கட்டத்தை நான் வரையவில்லை. வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது. அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்படிச் சொல்வது? உடம்புக்குப் பெயர் தெரியாதல்லவா. லித்தியமோ சோடியமோ, வாசலில் நின்ற அந்த ஒற்றை எலெக்ட்ரானை உதறிவிட்டு, ஒரே ஒரு கூட்டல் குறியோடுதான் ரத்தத்தில் திரிகிறது. உப்பு போதாமல் தவிக்கிற சிறுநீரகம், வெளியே போகிறதையெல்லாம் வழிமறித்துப் பிடித்து உள்ளே இழுக்கும். இழுக்கும்போது சோடியத்தோடு லித்தியத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். குடும்பத்து ஆள்தானே, வா என்று. நான் வீட்டில் உப்பை நிறுத்தினேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வேர்த்துவேர்த்து இருந்த உப்பையும் இழந்தாள். பிஸ்கட்டையும் பிடுங்கினேன். வெளியே போயிருக்க வேண்டிய மாத்திரை ஏழு வாரமாக வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அது வேண்டாம் என்று உடம்பு வாந்தியாகவும் நடுக்கமாகவும் சொன்னதை அவள் புரிந்துகொண்டாள். நான்தான் வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றினேன். நாக்கை ஏமாற்ற ஒரு படி கீழே போகத் தெரிந்தவளுக்கு, ஒரு படி மேலே பார்க்கத் தெரியவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"வீட்டுல உப்ப நிறுத்திட்டேன்மா" என்றேன். "அதனால இது ரத்தத்துல ஏறியிருக்குமா?"

"நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு வாரம்."

அந்த நிதானமான குரல் இப்போது வேறு ஆள் பேசுகிற மாதிரி வந்தது. "எமர்ஜென்சிக்குப் போங்க. இப்பவே கெளம்புங்க மேடம். அடுத்த வேளை மாத்திரையக் குடுத்துடாதீங்க."

"காலைல குடுத்துட்டேன்" என்றேன். யாருக்குச் சொன்னேனோ தெரியவில்லை, அவள் வைத்துவிட்டிருந்தாள்.

டாக்சியில் சின்னவள் தலை என் தோளில் கிடந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்தத் தலை கழுத்தில் ஒட்டாதது மாதிரி ஆடியது. பாலத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாலம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் நான் காவல் காத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆறு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பூட்டு, சாவி, கண்காணிப்பு எல்லாவற்றையும் நான் தப்பான வாசலில் வைத்திருந்தேன்.

எமர்ஜென்சியில் ஒரு நர்ஸ் படிவம் நிரப்பினாள். மாத்திரையை அவர்களே போட்டுக்கொள்வார்களா, யாராவது கொடுப்பார்களா என்று கேட்டாள்.

"நான்தான் குடுப்பேன்."

"ஒரு வேளைகூட விடாமலா?"

"விடாம."

"பரவால்லயே. சில வீட்டுல யாருமே கவனிக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். நல்ல பெண். மனசாரத்தான் சொன்னாள்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றுக்குள் இருக்க வேண்டிய லித்தியம் அளவு மூன்றைத் தொடப்போயிருந்தது. கையில் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அதன் மேல் சோடியம் குளோரைடு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. சாயங்காலமே டயாலிசிஸ் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்ட அந்தக் கட்டில் கதவுக்குள் மறைந்ததும் என் வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினார். உள்ளே கண்ணாடி இல்லை. ஓட்டலில் கொடுப்பார்களே, சின்னச் சின்ன உப்புப் பொட்டலம், அது ஏழெட்டு.

"நான் திருட்டுத்தனமாப் போட்டுத் தின்னுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். "அவகிட்டயும் ஒரு நாள் நீட்டினேன். மேஜைக்கு அடியில. வேணாம் மாமா, அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்னுட்டா."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினார். நாற்பது வருஷம் எத்தனையோ வீட்டுச் சாவுச்சேதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கள்ளத்தனம் செய்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டவள் உள்ளே கிடக்கிறாள். இதை எந்தக் கட்டத்தில் வைப்பது?

இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்றார் பெரிய டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கும்பிடை வாங்கிக்கொள்ளாமல், சொல்ல வந்ததை முடிக்காதவர் மாதிரி நின்றார். "சிறுமூளையில கொஞ்சம் பாதிப்பு இருக்கு. பேச்சும் கையும் சிலருக்குப் பழையபடி வந்துடும். சிலருக்கு முழுசா வர்றதில்ல. நாளாகணும்." அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அந்த மாத்திரையை இனி இப்போதைக்குத் தொடக் கூடாது. வேறு மருந்து என்ன என்பதை மனநல டாக்டர்கள் பேசி முடிவு செய்வார்கள். அதுவரை?

"அதுவரைக்கும் பாத்துக்கணும்" என்றார். பாத்துக்கணும். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

நேற்று அவளோடு தனியாக இருந்தேன். படுக்கையைக் கொஞ்சம் தூக்கிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத் துடைத்துவைக்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"அக்கா. நான் சொன்னேன்ல."

"சொன்னடி."

"நீ கேக்கல."

"கேக்கல."

ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் நடுங்குகிற கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"டீச்சர்... முதல் வரிசையிலயே... ஃபெயிலு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தமாக, தோள் குலுங்க. பக்கத்துக் கட்டில்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் போகிறது, கண் எப்படி இருக்கிறது, கொஞ்சம் அதிகமோ என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். வெள்ளை நின்று இன்றோடு ஆறு நாள். நேற்று ஐந்து. அவள் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியாததா? சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு சங்கதி சொல்லிவிட்டு முடிக்கிறேன். தினமும் காலையில் டாக்டர் அவளிடம் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுக்கிறார். நடுவில் தொடங்கி, வெளியே வரவர அகலமாகிற மாதிரி ஒரு சுருள் வரையச் சொல்கிறார். கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். முதல் நாள் தாளில் சுருளே இல்லை, கிழித்த கோடுகள்தான். பென்சில் ஒரு இடத்தில் தாளைத் துளைத்தும் விட்டது. அடுத்த நாள் இரண்டரைச் சுற்று, ரம்பத்தின் பல் மாதிரி. நேற்று நாலு சுற்று. டாக்டர் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்துவிடுகிறார். மூன்றும் இப்போது என் மடியில்தான் இருக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். நேற்றைய தாள் முந்தைய நாளைவிடத் தேவலையா, அல்லது எனக்கு அப்படிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தாள் திருத்தினவளுக்கு மூன்று தாளுக்கு மார்க் போட வரவில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில், சொந்தத்தில், தெரிந்த இடத்தில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டா? இப்படி ரத்தத்தில் ஏறி, இறங்கி, பிழைத்து வந்தவர்கள் உண்டா? கை திரும்ப நின்றதா? எத்தனை நாளாயிற்று? மாத்திரை இல்லாத நாட்களில் பக்கத்திலேயே இருந்து, ஆனால் காவல்காரி மாதிரி இல்லாமல், எப்படி இருந்தீர்கள்? பெயரை மறைத்து எழுதினாலும் போதும். இல்லை, பெயர் போட்டே எழுதுங்கள். நடந்தது நல்லதாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள், படிப்பேன். இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் அவள் கட்டிலுக்கு வந்துவிட்டார். கதவுக் கண்ணாடி வழியாகத் தாள் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை, அவர் முதுகு மறைக்கிறது. அவள் முழங்கை மட்டும் தெரிகிறது. சுற்றுகிறது. நிற்கிறது. மறுபடியும் சுற்றுகிறது.